வாவிக்கரையும் வான் பற்றிய அச்சமும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழ்வோர்க்கு வானத்தைப் பற்றிய கவலை புதியதன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்குக் கிழக்கே, கடலை ஒட்டியது எழுவான்கரை. மேற்கே, வயல் விரிந்தது படுவான்கரை. மாரி பொய்த்தால் பயிர் கருகும். மிஞ்சினால் இரு கரையும் நீரில் நிற்கும். ‘காலநிலை மாற்றம்’ என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே இக்கால மாணவர் முகத்திற் படரும் ஏக்கத்தைக் காணும்போது, எம் முன்னோர் தம் அச்சத்தை எங்ஙனம் ஆற்றினர் என்று வினவத் தோன்றுகின்றது.

மழை பொய்த்து நோயும் பரவிய காலங்களில் அவர்கள் கொம்பு முறித்தனர். ஊரவர் கண்ணகி கட்சி, கோவலன் கட்சி என இரண்டாகப் பிரிந்து, வைரம் பாய்ந்த இரு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியுமளவும் இழுப்பர். வென்றவர் தோற்றவரை ஏசிப் பாடுவர். அவ்வேச்சை எவரும் பகையாகக் கொள்ளார். 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதிய பண்டிதர் வி. சீ. கந்தையா இத்தகைய வழக்குகளைப் பேணித் தந்தார். கொம்பு முறிந்ததால் மழை வந்ததென்று யான் வாதிட வரவில்லை. தனித்தனி வீடுகளிற் குமைந்த பயம், ஊர் முற்றத்துக்கு வந்து எல்லார் கையிலும் ஒரு கயிறாயிற்று, அதுவே கருதத்தக்கது.

வெள்ளத்துக்கு வேறு வழி இருந்தது. கோடையில் அலை கொணரும் மணல் வாவியின் முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் நீர் உயர, மணலை வெட்டிக் கடலுக்கு வழிவிட வேண்டும். என்று வெட்டுவது? பயிர் அழுகுமுன் வெட்டுக என்பர் வேளாண்மை செய்வோர். வாவியின் மீனும் இறாலும் கடலோடு போய்விடும், பொறுங்கள் என்பர் மீனவர். இவ்வழக்கு இன்றும் கச்சேரிக்கு வருகின்றது. இரு சாராரும் உரத்துப் பேசியே கலைவர். ஆயினும் ஒரு நாள் குறிக்கப்படும்.

1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வந்த சூறாவளி இவ்வழிகளுக்கெல்லாம் அப்பாற்பட்டது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டத்தின் தென்னைகளிற் பெரும்பாலானவை ஓரிரவிற் சாய்ந்தன. அதன் பின் நெடுங்காலம் கார்த்திகைக் காற்று சற்று இரைந்தாலும் பெற்றோர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விழித்திருந்தனர். விழித்திருந்தவர்களே பகலில் தென்னம்பிள்ளை நட்டனர். நட்டது காய்க்க ஆறேழாண்டு செல்லும் என்பதை அறியாதவரல்லர்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடியைச் சிதைத்தது. கடல் மீண்டும் வருகிறதென்ற வதந்திக்கே மக்கள் ஓடிய நாட்கள் உண்டு. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் இயற்றப்பட்டது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. எத்திசையில் ஓடுவது என்பது பிள்ளைகளுக்கும் பயிற்றப்பட்டது.

இன்றைய அச்சமோ இவற்றினின்றும் வேறானது. அதற்குப் பருவம் இல்லை. ஓரிரவில் வந்து கடப்பதுமில்லை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததென அறிஞர் கணித்துள்ளனர். அதற்கான புகையிற் பெரும்பகுதி எழுந்தது தொலைதூரக் கைத்தொழில் நாடுகளில்; அதன் விளைவைச் சுமப்பதில் முன்னிற்பவை எமது வாவிக்கரை போன்ற தாழ்நிலங்கள். ஆதலின், ‘அஞ்சாதே’ என்று மாணவனுக்குச் சொல்வது பொய்யுரையாகும். அஞ்சுவதற்குக் காரணம் உண்டென ஒப்புக்கொண்டு, அவன் கையில் ஒரு வேலையைக் கொடுப்பதே யான் கண்ட முறை.

எங்கள் பாடசாலை மாணவர் சிலர் வாவியோரத்திற் கண்ணாக் கன்று நடுகின்றனர். பிழைப்பவை சில, மாட்டுக்கு இரையாகுபவை பல. வேறு சிலர் மழைமானி வைத்து, நாள்தோறும் அளவைக் குறித்து, பாட்டன்மாரிடம் பழைய வெள்ளம் எந்தப் படிவரை ஏறியதென்று கேட்டு அதன் பக்கத்தில் எழுதுகின்றனர். 1957 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட முதியோர் இன்னும் சிலர் உளர். அவர்கள் படியைக் கைத்தடியாற் சுட்டிக் காட்ட, பிள்ளைகள் அளவுநாடாவுடன் குனிந்து அளக்கின்றனர்.