கற்சுவரும் வீட்டு மொழியும்

ஓகூஸ் நகரின் தென்புறத்தில், கடலைப் பார்த்தபடி ஒரு நினைவுப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள வட்டமான கற்சுவரில் 4000க்கும் மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதலாம் உலகப்போரில் மாண்ட டெனிஷ்காரர். டென்மார்க்கோ அந்தப் போரில் நடுநிலை நாடு. இவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஜேர்மன் சீருடையில் செத்தவர்கள் என்பது, இங்கு வந்து பல காலத்துக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது.

1864 யுத்தத்தில் டென்மார்க் சிலெஸ்விக்கை இழந்தது. 1888 இல், சமய பாடத்துக்கான சில மணித்தியாலங்கள் தவிர, வடக்குச் சிலெஸ்விக் பாடசாலைகளில் எல்லாமே ஜேர்மன் மொழியில் என்று பிரஷ்யா உத்தரவிட்டது. பெற்றோர் வீட்டில் டெனிஷைக் கைவிடவில்லை. 1880 இல் தோன்றிய மொழிச்சங்கம் டெனிஷ் நூல்களைப் பரப்பிக்கொண்டிருந்தது. 1920 வாக்கெடுப்பில் வடபகுதி டென்மார்க்குடன் மீண்டும் இணைந்தது.

இது பெருமையோடு சொல்லப்படுகிற கதை. அதிகம் பேசப்படாத பாதி வேறு. 1851 இல் டென்மார்க்கின் கை ஓங்கியிருந்தபோது, நடுச் சிலெஸ்விக்கில் டெனிஷைப் பாடசாலை மொழியாகத் திணித்தார்கள். அங்கே ஆங்கெல் பகுதி முதியவர்கள் பேசியதே டெனிஷின் ஒரு வட்டார வழக்குத்தான்! ஆனாலும் பெற்றோர் சினந்தார்கள். பிள்ளைகளோடு ஜேர்மனில் கதைக்கும் வழக்கம் முன்னரே தொடங்கியிருந்தது. இப்போது அது பிடிவாதமாயிற்று. அந்த வழக்கு பின்னர் அழிந்தேபோனது. 1956 ஐக் கண்ட எங்களுக்கு இது புதினமல்ல.

எங்கள் கதைக்கு வருவோம். தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை 1987 இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் முடக்கிவைத்தார். அதன் விளைவாக 1993 இல் ஷ்லூட்டர் அரசு பதவி விலகியது. 1995 இல் அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. இடையில் தகப்பன்மார் தனியே இருந்து டெனிஷ் படித்தார்கள். பிந்தி வந்த பிள்ளைகள் அவர்களை இரண்டு வருடத்தில் முந்தினார்கள்.

போதிய பிள்ளைகள் இருந்தால் தாய்மொழி வகுப்பு நடத்தும் கடமை நகரசபைகளுக்கு அப்போது இருந்தது. 2002 இல் அதை நீக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றிய, ஐரோப்பியப் பொருளாதார வலயப் பிள்ளைகளுக்கும் பரோத் தீவு, கிறீன்லாந்துப் பிள்ளைகளுக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். கற்சுவர் எழுப்பிய நாடு இப்படிச் செய்யலாமா என்று நான் கேட்கலாம். கேட்க எனக்கு வாயில்லை. அதற்குப் பல வருடம் முன்பே, பிள்ளையோடு வீட்டில் டெனிஷ் பேசுங்கள் என்று ஒரு ஆசிரியை அன்பாகச் சொன்னதை, பெடியன் முன்னேறட்டும் என்று நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டவன். எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

மகன் தென் யூலண்ட் பெண்ணைக் கலியாணம் செய்தான். பிள்ளையோடு ஏன் தமிழ் கதைக்கிறதில்லை என்று அவனைக் கேட்பவள் அந்த மருமகள்தான். அவளுடைய பூட்டனின் பெயர் அந்தச் சுவரில் இருக்கிறது. மகன் என்னைப் பார்ப்பான்.

போன கோடையில் பேத்தியை அங்கே கூட்டிப்போனேன். டெனிஷில் தகப்பனின் தகப்பன் 'ஃபார்ஃபார்'. அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா போலவே கட்டிய சொல். அதைச் சொல்லிக்கொடுத்தேன். சுவரைச் சுற்றி ஓடிக்கொண்டே "அப்பப்பா, அப்பப்பா" என்று கத்தினாள். பிறகு பசிக்கிறது என்று டெனிஷில் சொன்னாள்.