பூனைகளுக்கு அடைக்கலம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ், கெய்ரோ நகரின் வடபுறத்தில் தாம் கட்டிய பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தை, வீடற்ற பூனைகளின் போஷணைக்கென்றே எழுதி வைத்திருந்தார் என்று, எகிப்தியரின் நடையுடை பாவனைகளைப் பற்றி 1836-இல் நூல் வெளியிட்ட எட்வர்ட் வில்லியம் லேன் என்னும் ஆங்கிலேயர் பதிவு செய்திருக்கிறார். பூனைத் தோட்டம் என்றே அதற்குப் பெயர். தரும சொத்துகளுக்கு எங்கும் நேரும் கதி அதற்கும் நேர்ந்தது. தருமகர்த்தாக்களும் அவர்களிடம் வாங்கியவர்களும் மாறி மாறி விற்றதில், லேன் காலத்தில் ஆண்டுக்குப் பதினைந்து பியாஸ்தர் மட்டுமே பூனைகளின் பங்காக மிஞ்சியிருந்தது. ஆயினும் தருமம் அறவே நின்றுவிடவில்லை. இத்தகைய மானியங்களுக்கெல்லாம் காவலராயிருந்த தலைமைக் காஜி, பெரும்பாலும் தம் சொந்தப் பொருளைக் கொண்டே அச்செலவை ஏற்றுவந்தார். பிற்பகல்தோறும் நியாயஸ்தலத்தின் பெரிய முற்றத்துக்குக் கழிவு இறைச்சி வரும்; பூனைகளைக் கூவி அழைப்பார்கள். வளர்த்த பூனை வேண்டாமென்று தோன்றிய வீட்டார், அதைக் கொண்டுவந்து அம்முற்றத்திலேயே விட்டுவிட்டுப் போவதும் உண்டு.

ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் ஒரு ஜீவகாருண்யம் பிழைத்திருந்ததே பெரிது. ஆனால், நேற்றுவரை ஒரு வீட்டின் அடுப்படியில் உறங்கிப் பழகி, மூப்படைந்தபின் அங்கே கொண்டுவிடப்பட்ட சங்கோச சுபாவமுள்ள பூனையொன்று, அத்தனை பூனைகளின் ஆரவாரத்துக்கு நடுவே இறைச்சியண்டை போயிருக்குமா என்ற கேள்வி எனக்கு எழாமல் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவதற்கே அங்கே உணவு. நம் இரக்கம் எப்போதும் எதிரே வந்து நிற்பதைத்தான் முதலில் காண்கிறது. மறைந்திருப்பதைத் தேடிப் போக அதற்கு நெடுங்காலம் பிடித்திருக்கிறது.

லண்டன் மாநகரின் வரலாறும் இதற்குச் சாட்சி. 1860-இல் மேரி டீல்பி என்னும் மாதரசி, ஹாலோவே பகுதியில் ஒரு குதிரை லாயத்தில், தெருவில் பட்டினி கிடக்கும் பிராணிகளுக்கு ஒரு புகலிடம் அமைத்தபோது, டைம்ஸ் பத்திரிகை முதலாகப் பலர் எள்ளி நகையாடினர். அப்புகலிடமும் நாய்களுக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. தெருநாய் கண்ணில் படுகிறது, பின்தொடர்கிறது, முகத்தைப் பார்த்து யாசிக்கிறது. பூனையோ பசித்தாலும் மதில் மேலும் நிலவறையிலும் பதுங்கிவிடுகிறது. 1865-இல் அம்மாதரசி காலமானார். 1871-இல் இல்லம் பாட்டர்ஸீக்குப் பெயர்ந்தது. 1883-இல்தான் அதன் கதவு பூனைகளுக்குத் திறந்தது. உள்ளே இடம் கிடைத்த பின்னரும், இல்லத்தின் பெயரில் பூனை இடம்பெற 2002 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பூனைகளுக்கென்றே ஒரு சங்கம் 1927-இல் லண்டனில் தோன்றிற்று.

அடைக்கலம் என்ற சொல்லை அக்காலத்து இல்லங்கள் முற்றிலும் காப்பாற்றின என்று சொல்வதற்கில்லை. உரிமையாளர் தேடி வராமலும் புதியவர் எவரும் விரும்பாமலும் மிஞ்சிய ஜீவன்களை வேதனையின்றி முடித்துவிடுவதே கருணை என்று கருதப்பட்டது. அதற்காக 1884-இல் மருத்துவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் வகுத்த விஷவாயு அறை பாட்டர்ஸீ இல்லத்தில் அமைந்தது. எவரும் விரும்பாமல் மிஞ்சுவது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. குட்டி விளையாடிக் காட்டும். வயது முதிர்ந்து, அந்நியரைக் கண்டால் கூண்டின் மூலையில் சுருண்டு முகத்தைச் சுவரோடு திருப்பிக்கொள்ளும் பூனையிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

அந்த மூலையையே அதற்கு உரிமையாக்கிக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் மிகச் சமீப காலத்தது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10 பூனைகளுக்கு மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியை வைத்தனர். பெட்டி கிடைத்தவற்றின் மன அழுத்தம், சில நாள்களிலேயே, கிடைக்காதவற்றினும் வெகுவாகத் தணிந்திருந்தது. ஒளிய இடம் கொடுத்தால் பூனை வெளியே வரவே வராது என்று நெடுங்காலம் நம்பியிருந்தவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மூத்த பூனையைத் தத்தெடுக்க வருவோருக்குப் பூனைக் காப்பகத்தார் இன்று கூறும் யோசனையும் ஏறக்குறைய இதுவே: முதலில் ஓர் அறை போதும், அதில் வாய் திறந்த ஓர் அட்டைப்பெட்டி இருக்கட்டும், காப்பகத்தில் அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே உள்ளே விரியுங்கள், உணவுத் தட்டும் மண்தொட்டியும் எட்ட எட்ட இருக்கட்டும், கையை விட்டு வெளியே இழுக்காதீர்கள். இரவில், வீடு அடங்கிய பின், தட்டு காலியாகியிருந்தால் போதும். அதன் முகத்தைப் பார்க்கச் சில வாரங்கள் ஆகலாம்.