நடப்பதற்கு ஆட்சேபணை இல்லை

ராஜாக்கள் போட்ட சாலைகளைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். இருபுறமும் மரம் நட்டார்கள், சத்திரம் கட்டினார்கள், காதத்துக்கு ஒரு கல் நாட்டினார்கள் என்றெல்லாம் நாம் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டிருக்கிறோம். அந்தச் சாலையில் யார் யார் நடந்தார்கள், யாரை நடக்கவொட்டாமல் தடுத்தார்கள் என்ற விவரத்தை மட்டும் அந்தப் புத்தகங்கள் அதிகமாகச் சொல்வதில்லை. எனக்கென்னவோ இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. கதை எழுதுகிறவனுக்குச் சாலையைவிட அதில் போகிற ஆள் முக்கியம் அல்லவா?

அந்த ஆளைப் பற்றி நம்முடைய சென்னைச் சட்டசபை ஒரு நாள் யோசித்தது. 1924-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி. தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் ‘பறையன்’ என்று பத்திரிகைக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ஏளனம் செய்தவர்களின் முகத்துக்கு நேராகவே அதை நடத்திக் காட்டியவர். பிறகு தென்னாப்பிரிக்காவில் பல வருஷம் இருந்து, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக உத்தியோகம் பார்த்துவிட்டு, ஊர் திரும்பிச் சட்டசபை அங்கத்தினரானார். உலகத்தைச் சுற்றி வந்த மனிதர் சொந்த ஊர்ப்பக்கத்துத் தெருவில் நடப்பதற்காகச் சட்டசபையில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

தீர்மானத்தின் சாரம் இதுதான்: எந்த ஊரிலும், எந்தக் கிராமத்திலும், பொதுச் சாலையிலோ தெருவிலோ பாதையிலோ, எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடப்பதற்கு ஆட்சேபணை இல்லை. பொதுக் காரியாலயங்கள், கிணறுகள், குளங்கள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றுக்கும் மற்ற சாதி இந்துக்களைப் போலவே அவர்களும் போகலாம். இது சர்க்காரின் கொள்கை என்று ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும். சபை அதை ஏற்றுக்கொண்டது. செப்டம்பர் 25-ந் தேதி சர்க்கார் உத்தரவும் பிறந்தது.

‘ஆட்சேபணை இல்லை’ என்ற அந்த வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு மனிதன் வீட்டை விட்டுப் புறப்பட்டு வைத்தியரைப் பார்க்கவோ, கச்சேரிக்கு மனுக் கொடுக்கவோ போகிறான். அவன் நடப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு மாகாணத்தின் பிரதிநிதிகள் கூடித் தெரிவிக்கிறார்கள்! படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் சிரிப்பு மறைந்துவிடுகிறது. ஆட்சேபணை செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருந்தபடியால்தானே அந்த வார்த்தை வேண்டியிருந்தது?

அதற்கு முன்னால் சட்டமே இல்லையோ என்று கேட்டால், தாராளமாக இருந்தது. 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுச் சாலைகள், தெருக்கள், சந்துகள், பாதைகள் எல்லாம் சர்க்காரின் சொத்து என்று அறிவித்திருந்தது. 1920-ல் வந்த ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும், ஸ்தல ஸ்தாபனங்கள் சட்டமும் தெருக்களின் பராமரிப்பை நகரசபைகளிடமும் போர்டுகளிடமும் ஒப்படைத்திருந்தன. சரளை கொட்டுவது யார், விளக்குப் போடுவது யார், சாக்கடை வெட்டுவது யார் என்பதற்கெல்லாம் பதில் இருந்தது. மண் யாருடையது என்று சட்டம் சொல்லிவிட்டது; அந்த மண்ணில் யாருடைய கால் படலாம் என்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டுவிட்டது. அந்த மௌனத்துக்குள்தான் ஊர் வழக்கம் குடியிருந்தது. சரளை சுமந்து சாலை போட்டவன், சாலை முடிந்த மறுநாள் அதன் ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டியவனானான்.

சரி, உத்தரவு பிறந்துவிட்டதே, அதன் பிறகாவது நடந்தார்களா? இங்கேதான் கதையின் சிக்கல். உத்தரவை அமல் நடத்த வேண்டியவர்கள் ஸ்தல ஸ்தாபனத்தார். நகரசபைக் கவுன்சிலரும் தாலுகா போர்டு மெம்பரும் யார்? பெரும்பாலும் எந்தத் தெருவைத் திறக்க வேண்டுமோ அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறவர்கள். காலையில் போர்டு மேஜையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையில் திண்ணையில் அண்டை வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டில், கல்பாத்தித் தெருக்களில் அதே 1924-ம் வருஷம் தேர்த் திருவிழாச் சமயத்தில் நுழைந்த ஈழவர்கள் அடிபட்டார்கள். தெரு பொதுத் தெருவா, அக்கிரகாரத்தாரின் சொந்தத் தெருவா என்று வாதம் நடந்தது. தேர் ஓடுகிற அத்தனை அகலமான தெரு, ஒரு மனிதன் நடக்கும்போது மட்டும் சொந்த வீட்டு முற்றமாகச் சுருங்கிவிட்டது.

அதே சமயத்தில் எல்லைக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் போகும் கிளர்ச்சி என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, கோயிலைச் சுற்றியிருந்த நான்கு தெருக்களில் நடப்பதற்கான கிளர்ச்சி அது. அந்தத் தெருக்களில் கிறிஸ்தவர்கள் போனார்கள், முஸ்லிம்கள் போனார்கள். ஈழவரும் புலையரும் போகக் கூடாது. 1924 மார்ச் 30-ந் தேதி மூன்று பேர் கைகோத்து நடந்து கைதானார்கள். ஏப்ரலில் ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சேர்ந்தார். இரண்டு தடவை சிறை சென்றார். தெருவைத் திறக்க வேண்டும் என்று சமஸ்தானத்துச் சட்டசபையில் என். குமாரன் கொண்டுவந்த தீர்மானத்துக்கு ஆதரவாக 21 ஓட்டு, எதிராக 22. ஒரே ஓட்டில் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெரு மூடிக்கொண்டது.

முடிவில் 1925 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. மூன்று பக்கத்துத் தெருக்கள் எல்லோருக்கும்; கிழக்குப் பக்கம் மட்டும் மேல் சாதியாருக்கு. இடையில் சுற்றுப்பாதை போடுகிற வேலையும் நடந்தது. முக்கால் வெற்றி என்று இதைக் கொண்டாடியவர்கள் உண்டு. நான் அந்தத் தியாகத்தைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சுற்றுப்பாதை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ‘இந்த வழி உனக்கு இல்லை’ என்று சொல்லத் துணிவில்லாத அதிகாரம், ‘உனக்குத்தான் அந்த வழி இருக்கிறதே!’ என்று சொல்லிவிடுகிறது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். அதே காலும் அதே ஊரும்தான். நாலு அடி கூட நடந்தால் போச்சு, அவ்வளவுதானே? அந்த நாலு அடியில்தான் விஷயமே இருக்கிறது. பொது வழி என்பது போய்ச் சேருவதற்கு மட்டும் ஏற்பட்டதல்ல. எல்லோரும் போகிற வழியில் நானும் போகிறேன் என்பதுதான் அதன் பொருள். வேறு வழி கொடுத்த கணத்திலேயே பழைய வழி பொது வழியாக இருப்பது நின்றுபோகிறது. வைக்கத்தின் கிழக்குத் தெரு திறக்க 1936-ம் வருஷத்து ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காரியத்தை நம் பக்கத்து ஜில்லா போர்டு ஒன்று செய்தது. 1920-களின் கடைசியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். மோட்டார் பஸ் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். பஸ்ஸில் ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை என்று முதலாளிகள் வைத்திருந்தார்கள். அதை டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தவர்களும் உண்டு. பஸ்ஸுக்கு லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் அப்போது போர்டின் கையில் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று அவர் உத்தரவு போட்டார்.

இந்த உத்தரவின் அழகைப் பாருங்கள். ‘அவர்களுக்கென்று தனி பஸ் விடலாம்’ என்று அவர் சொல்லியிருக்கலாம். பலர் அதையே பெரிய தர்மம் என்று புகழ்ந்திருப்பார்கள். அவர் சொல்லவில்லை. இதே பஸ், இதே சாலை, இதே கட்டணம். ஏற்றாவிட்டால் உனக்கும் சாலை இல்லை என்றார். சட்டசபைத் தீர்மானம் ஆட்சேபணை இல்லை என்றது. ஜில்லா போர்டு ஒரு படி மேலே போய், ஆட்சேபிக்கிறவனை ஆட்சேபித்தது. தீர்மானத்துக்கு உயிர் வந்த இடம் அது.

பிறகு 1938-ல் எம். சி. ராஜாவின் முயற்சியில், பொது வழி, பொதுக் கிணறு முதலியவற்றில் தடை செய்வது குற்றம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் ஏற்பட்டது. நகரசபைச் சட்டத்திலும் 180-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நகரசபைத் தெருக்கள் எந்தச் சாதி, எந்த மதத்தினருக்கும் திறந்தவை என்று எழுதிவைத்தார்கள். 1950-ல் அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்திலேயே கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லி உரிமை கொடுத்தாயிற்று. ஒரு நாட்டின் மூலச் சட்டத்தில் கிணறும் படித்துறையும் இடம் பெற்றதை நான் பெருமையாகவே நினைக்கிறேன். ஊர் எங்கே நோகிறது என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

இத்துடன் கதை சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நாவலாக இருந்தால் அப்படியே முடித்திருப்பேன்; சரித்திரம் விடமாட்டேன் என்கிறது. மதுரை ஜில்லா உத்தப்புரத்தில் 1989-ல் ஊருக்குக் குறுக்கே ஒரு சுவர் எழும்பியது. 19 வருஷம் கழித்து, 2008 மே 6-ந் தேதி அதில் 15 அடி அகலத்துக்கு அதிகாரிகள் இடித்து வழி விட்டார்கள்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில் நடந்தது இன்னும் மோசம். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழியை நிலக்காரர்கள் வேலி போட்டு அடைத்துவிட்டபடியால், தாழ்த்தப்பட்ட குடும்பத்தார் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து பிரேதத்தைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். ‘ஆட்சேபணை இல்லை’ என்று தீர்மானித்து 95 வருஷம் ஆகியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. சர்க்கார் தரப்பில் என்ன சொன்னார்கள்? அந்த மக்களுக்கென்று வேறிடத்தில் அரை ஏக்கர் ஒதுக்கிவிட்டோம் என்றார்கள். தனிச் சுடுகாடு கொடுத்துச் சாதிப் பிரிவினையைச் சர்க்காரே வளர்ப்பதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஒரு வாக்கியத்தில் அவர்கள் பிடித்துவிட்டது அந்தப் பழைய வைக்கத்துச் சுற்றுப்பாதையைத்தான்.

வழிக்குச் சொன்னது பொது நிலத்துக்கும் பொருந்தும். பஞ்சாபில் பாட்டியாலாவுக்கு அருகே ஒரு கிராமத்துக் குளத்தைச் சிலர் வளைத்து வீடு கட்டினார்கள். அவர்களைக் கிளப்ப வேண்டாம், நிலத்தின் விலையைப் பஞ்சாயத்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கலெக்டர் முடிவு சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. 2011 ஜனவரி 28-ந் தேதி, அது முடியாது, ஊர்ப் பொது நிலம் ஊருக்கே திரும்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. குளத்துக்கு விலை கொடுத்தால் குளம் வந்துவிடுமா? ‘வேறு வழி’ என்கிற அதே தந்திரம் இங்கே ரொக்கமாக வந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் ஊர்களில் இப்போது அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு பஞ்சாயத்துச் சட்டம் கிராமத்துப் பொதுச் சாலைகளைக் கிராமப் பஞ்சாயத்திடம் ஒப்புவிக்கிறது. மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, தோப்பு முதலான புறம்போக்குகளை ஊர் எப்படி உபயோகிப்பது என்று ஒழுங்குசெய்கிற அதிகாரமும் அதற்கு உண்டு. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்று வருஷத்தில் பல நாள் கிராம சபை கூடுகிறது. தெரு விளக்கு, குடிதண்ணீர், வரவு செலவு எல்லாம் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் சுடுகாட்டுக்குப் போகிற பாதை புல வரைபடத்தில் எங்கே இருக்கிறது, தரையில் எங்கே இருக்கிறது, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று எத்தனை சபையில் கேட்கிறார்கள்?

கேட்பவன் ஊரில் விரோதி ஆவான். வேலி போட்டவர் பெரிய மனிதராக இருப்பார். தலைவருக்கு உறவாகவும் இருப்பார். “எதற்கப்பா வம்பு, அந்தப் பக்கமாகப் போனால் ஆகாதா?” என்று நல்லவர்களே சமாதானம் சொல்வார்கள். அந்தப் பக்கமாகப் போகலாம்தான். 1924-லும் போகலாமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கமாகவே எல்லோரும் போயிருந்தால், இன்று நாம் யாரும் எதையும் யோசிக்காமல் நடக்கிற தெருக்களில் பாதி, தெருவாகவே இருந்திருக்காது.

ஆகையால் அடுத்த தடவை கிராம சபையில் ஒருவர் எழுந்து, கையில் புல வரைபடத்தை வைத்துக்கொண்டு, “இந்தப் பாதை எங்கே?” என்று கேட்டால், அவரை உட்காரச் சொல்லாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். வேறு வழி ஒதுக்குவதாக அல்ல. இருந்த வழியைத் திறப்பதாக.