டூர் எங்கே போகலாம்? குமரிமுனைக்கு முன்னால் இருக்கும் கோட்டையும் மலையும்

மாசி பிறந்துவிட்டால் கல்லூரிகளில் ஒரே பேச்சுதான். இந்த வருஷம் டூர் எங்கே? ஒரு கோஷ்டி கொடைக்கானல் என்கும். இன்னொரு கோஷ்டி மூணாறு என்கும். பஸ் வாடகை, சாப்பாடு, தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்த பிறகு, பாதிப் பேர் கடைசியில் வந்து நிற்கும் இடம் கன்னியாகுமரி!

வந்த பிறகு என்ன நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். விடியற்காலையில் சூரிய உதயம். பிறகு படகுக்கு வரிசை. 1970-ல் திறக்கப்பட்ட விவேகானந்தர் மண்டபம், 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டுக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். கரைக்கு வந்ததும் சங்கு மாலை, கலர் மண் பாக்கெட். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் கிளம்பிவிடும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் சாகசமும் வேண்டும், பண்பாடும் வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குமரிமுனைக்குச் சற்று முன்னால், அஞ்சுகிராமம் பக்கம் ஒரு நாள் இறங்கிப் பார்க்கலாம். மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் இருக்கிறது இந்த ஊர். இதைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம்.

குமரிமுனைக்கு ஊர் சுற்ற வருவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல் வழி நூலிலேயே குமரியும், அங்கே நீராட வருகிறவர்களும் வருகிறார்கள். 1792-ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் (சித்தப்பாவும் அண்ணன் மகனும்) தென்கோடி வரை பயணம் செய்தார்கள். அந்தப் பயணத்தின் படங்களில் ஒன்றுக்குக் கேப் கொமரின் என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால், அது களக்காட்டின் அருகிலிருந்து வரைந்தது என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். களக்காடு கடற்கரை ஊர் அல்ல, மலையடிவார ஊர். அந்தக் காலத்துப் பயணிகளுக்குக் குமரி என்றால் அலையோடு மலையும் சேர்ந்துதான் கண்ணில் பட்டிருக்கிறது. இப்போது வருகிறவர்கள் அலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த மலையும் கடலும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும் இடம்தான் இந்தக் கிழக்கு எல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கேயிருந்து ஒரு மதில் மாதிரி ஓடி வந்து, ஆரல்வாய்மொழிக்குத் தெற்கே சிதறி, ஒற்றைக் குன்றுகளாகி முடிந்துவிடுகிறது. மலை முடியும் இடத்துக்கும் கடலுக்கும் நடுவே கொஞ்ச தூரம் திறந்த வெளி. பழைய திருவிதாங்கூருக்குள் கிழக்கிலிருந்து படை நுழைய வேண்டுமானால் வழி இதுதான். நுழைந்ததும் கைக்குக் கிடைப்பது நாஞ்சில் நாடு, அதாவது திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். எந்த ராஜாவுக்கும் இந்த இடைவெளியை நினைத்தால் தூக்கம் வந்திருக்காது.

அதனால் வந்ததுதான் மலையிலிருந்து கடல் வரை இழுத்த காவல் அரண். அதன் கடலோர முனையில் நிற்பது வட்டக்கோட்டை. அஞ்சுகிராமத்திலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்பக்கமாகப் போகும் வழியில் இருக்கிறது. பெயரில்தான் வட்டம். உள்ளே போனால் நேர்ச்சுவர்களும் கற்பாளம் பாவிய சரிவும்தான். கருங்கல் மதிலின் ஒரு பகுதி கடலுக்குள்ளேயே நீண்டு நிற்கிறது. கல்லில் மீன் சின்னம் இருப்பதால் பாண்டியர் தொடர்பும் சொல்லப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் இதைப் பலப்படுத்தியவர் டிலனாய்.

டிலனாயின் கதை ஒரு சினிமாவுக்குப் போதும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு குளச்சலில் வந்து இறங்கியவர். 1741 ஆகஸ்டில் தோற்றுப் பிடிபட்டார். பிடித்த ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்து, அவருடைய படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கினார். 1777-ல் இறந்தார். கல்லறை புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும்! உதயகிரியில் அவரோடு வேலை செய்த நீலகண்ட பிள்ளை என்ற அரண்மனை ஊழியர் கிறிஸ்தவராகித் தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் பெற்றார். காற்றாடிமலைக்கும் இந்தப் பக்கத்திலிருந்தே போய் வரலாம். போகிற வழியில் தோவாளைப் பூச்சந்தையை விடியுமுன் பார்ப்பது தனி அனுபவம்.

இவ்வளவு காவல் போட்டும் அரண் உடைந்தது. எப்படி என்று தெரிந்துகொண்டால் மலையேற்றப் பிரியர்களுக்கு உற்சாகமாக இருக்கும். 1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் கம்பெனிக்கு வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கட்ட முடியாமல் பாக்கி ஏறியது. பாக்கி சண்டையாக வளர்ந்து, திவான் வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறை அறிக்கை வெளியிட்டுக் கம்பெனிக்கு எதிராக ஜனங்களைத் திரட்டினார். (வேலுத்தம்பி இந்த மாவட்டத்துத் தலக்குளத்துக்காரர்.) கர்னல் செயின்ட் லெகர் தலைமையில் படை ஆரல்வாய்மொழிக்கு வெளியே வந்து நின்றது. நேராக மோதினால் பீரங்கி. அதனால் மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு, தெற்குப் பக்கத்துப் பாறை மலையில் இரவோடு இரவாக ஏறினார். மேலேயிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று நம்பியிருந்த காவல் விடியும்போது விழுந்தது. அன்று 1809 பிப்ரவரி 10. அதற்குப் பிறகு உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையே இல்லாமல் சரணடைந்தன. கோட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கணக்குப் புத்தகத்தில் பாக்கி இருந்தால் தாங்காது என்று காமர்ஸ் மாணவர்கள் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

படை போன பிறகும் எல்லை எல்லையாகவே இருந்தது. இப்போது அது சுங்கத்துக்கான எல்லை. திருவிதாங்கூரில் புகையிலை அரசாங்கத்தின் தனி வியாபாரம். வெளியே மலிவு, உள்ளே விலை அதிகம். அப்படி இருந்தால் கடத்தல் நடக்காமல் இருக்குமா? தி. மாதவராவ் திவானாக இருந்தபோது 1860-ல் மிளகுத் தனியுரிமையும் 1863-ல் புகையிலைத் தனியுரிமையும் போயின. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் ஏற்பட்ட ஒப்பந்தம் பெரும்பாலான எல்லைச் சுங்கத்தை எடுத்துவிட்டது. மாநில எல்லைச் செக்போஸ்ட்டுகளை எடுத்த ஜி.எஸ்.டி. வந்தது 2017-ல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இங்கே ஒரு சின்ன ஒத்திகை நடந்து முடிந்திருக்கிறது.

அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் மயிலாடி. பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் கல் உடைக்கும் சத்தமும் பாதி முடிந்த சிலைகளும்தான் தெரியும். சிற்பிகள் ஊர். ஆனால் தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவ சபையும் இங்கேதான். மகாராசன் வேதமாணிக்கம் என்ற உள்ளூர்க்காரர் அழைத்து, ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய ஊழியர் 1806-ல் வந்தார். 1809-ல் ஆலயம் கட்டப்பட்டது. ஆரல்வாய்மொழி அரண் விழுந்த அதே வருஷம்! ஆலயத்தோடு பள்ளிக்கூடமும் வந்தது. அடுத்து வந்த சார்லஸ் மீட் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அங்கே இருக்கிறது.

சாகசம் கேட்டவர்களுக்கு மருந்துவாழ் மலை. மருத்துவாமலை என்றும் சொல்வார்கள். நாகர்கோவில்–கன்னியாகுமரி நெடுஞ்சாலையில் பொத்தையடி பக்கம் தனியாக நிற்கும் பாறைக் குன்று. அனுமான் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. மூலிகைகள் நிறைந்த மலை என்பதால் பெயரும் அப்படியே. கொஞ்ச தூரம் படி, அதன் பிறகு பாறைதான். மேலே பிள்ளைத்தடம் என்ற குகை இருக்கிறது. 1888-ல் அருவிப்புறத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்வதற்கு முன்பு நாராயண குரு தவம் இருந்த இடம் அது. கேரளத்தையே புரட்டிப் போட்ட ஒரு மனிதர், அதற்கு முன் யாரும் இல்லாத இந்தப் பாறையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வயலும் தென்னையும், வடக்கே முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள். பழைய அரண் எதற்காக இந்த இடைவெளியை அடைத்தது என்பது புத்தகத்தில் படிப்பதைவிட இங்கே நின்று பார்த்தால் ஒரு நிமிஷத்தில் புரியும். மாசி பங்குனியில் ஏறுவதானால் விடியற்காலையிலேயே ஏற வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். ஏறின கூட்டம் இறங்கும்போதும் ஒன்றாகவே இறங்கட்டும்.

பக்கத்திலேயே சாமிதோப்பு. அய்யா வைகுண்டரின் தலைமைப்பதி. 1809-ல் பிறந்து 1851-ல் மறைந்தவர். சாதியால் ஒடுக்கப்பட்டவர்களை நிமிர்ந்து நிற்கச் சொன்னதற்காகத் திருவிதாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறை வைத்தது. இங்கே உள்ளே போகும் ஆண்கள் தலையில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தவர்கள், இங்கே தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி முன்னால் நின்றார்கள். கருவறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கும். முத்திரிக்கிணற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் பொது. மாசி 20 (மார்ச் முதல் வாரம்) அன்று அவதார தினம். நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்குப் பெரிய ஊர்வலம் வரும். டூர் தேதியை அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டால், தனியாகப் பணம் கட்டாமலே மாவட்டத்தின் பெரிய விழாக்களில் ஒன்றைப் பார்த்துவிடலாம். பஸ் நெரிசலைச் சமாளிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகச் சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலின் 134 அடிக் கோபுரம், தட்டினால் சுரம் எழும் தூண்கள், 18 அடி ஆஞ்சநேயர் எல்லாம் வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் அதிகம் சொல்லாத ஒன்று கோயிலைச் சுற்றி இருக்கும் தெருக்களைப் பற்றியது. அந்தத் தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கவே கூடாது என்று இருந்தது. வைக்கம் போராட்டத்தைத் தொடர்ந்து 1926-ல் டாக்டர் எம்.இ.நாயுடு தலைமையில் இங்கேயும் சத்தியாகிரகம் நடந்தது. 1930-ல் மறுபடியும் நடந்தது. கோயிலுக்குள் போகக்கூட இல்லை, வெளியே தெருவில் நடப்பதற்கு!

குமரிமுனையிலும் அதே கதைதான். 1925 மார்ச்சில் காந்தி கன்னியாகுமரிக்கு வந்தார். கோயிலைச் சுற்றி வர விட்டார்கள். கருவறைப் பக்கம் விடவில்லை. காரணம், அவர் இங்கிலாந்து போய் வந்தவர்! கடல் கடந்ததே குற்றம். கடலைப் பார்க்க உலகமே வரும் ஊரில் இப்படி ஒரு விதி இருந்திருக்கிறது. 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்து, அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. 1937 ஜனவரியில் காந்தி திறந்த கோயில்களைப் பார்க்கவே திருவிதாங்கூருக்கு மறுபடி வந்தார். அந்தப் பயணத்திலும் கன்னியாகுமரி இருந்தது.

ஐம்பது பேர் ஏறும் ஒரு டூர் பஸ்ஸில் யார் எந்தச் சாதி என்று கேட்டு ஸீட் போடுவதில்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் அதே ஐம்பது பேர் சுசீந்திரத்தில் இறங்கியிருந்தால் பாதிப் பேர் தெரு முனையிலேயே நின்றிருக்க வேண்டும். குளத்தங்கரையில் குரூப் போட்டோ எடுக்கும்போது இதையும் யாராவது ஒருவர் சொல்லிக்கொடுக்கலாம்.

ஒரு நாளில் இதெல்லாம் முடியுமா என்றால், விடியற்காலையில் மருந்துவாழ் மலையில் ஆரம்பித்தால் முடியும். இறங்கியதும் சாமிதோப்பு, நடை சாத்துவதற்குள் சுசீந்திரம், சாப்பாட்டுக்குப் பிறகு மயிலாடி, வெயில் தணிந்ததும் அஞ்சுகிராமம் வழியாக வட்டக்கோட்டை. தோவாளையும் காற்றாடிமலையும் வேண்டும் என்றால் இன்னொரு காலை தேவைப்படும். தேதியைச் சித்திரைக்குத் தள்ளிப்போட முடிந்தவர்கள் (தமிழ்க் கணக்கில் இளவேனில் சித்திரையும் வைகாசியும்தானே) சித்திரா பௌர்ணமி அன்று வரலாம். சூரியன் மேற்கே இறங்கும் அதே நேரத்தில் கிழக்கே கடலிலிருந்து நிலா ஏறும். குமரிமுனையில் அதற்கு இடம் பிடிக்க முந்தின மத்தியானமே போக வேண்டும். வட்டக்கோட்டை கடற்கரையிலிருந்தும் அதே நிலாதான் தெரியும், கூட்டம் இல்லாமல்.