பெயரில் தொலைந்தவரை எண்ணில் தேடுதல்: நேட்டால் கப்பல் பட்டியல்களும் குடும்ப வரலாற்றுத் தேடலும்

1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் காலனியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர்கள், சுமார் 340 பேர், அதில் இருந்தனர். கடைசிக் கப்பலான ‘உம்லாசி’ 1911 ஜூலை 21 அன்று கரை சேர்ந்தது. இடையில் 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்தது. அந்த இடைவெளி போக, மொத்தம் 1,52,184 பேர் இவ்வாறு போய்ச் சேர்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் ஆவர்.

கரையிறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஓர் எண் தரப்பட்டது. ‘காலனி எண்’ எனப்பட்ட அது கப்பலுக்குக் கப்பல் தொடர்ந்து ஏறிக்கொண்டே போனது. இந்த எண்ணை அச்சாக வைத்தே பதிவேடு கட்டப்பட்டது. இன்று அதே பதிவேடு கணினியில் கிடைக்கிறது. தேடுவோர் பெயரை அச்சாக வைத்துத் தேடுகிறார்கள். பாட்டன், பூட்டன் கிடைக்கவில்லை என்று பலர் பாதியில் கைவிடுவதற்கு இந்த முரண்பாடே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பதிவேடு எதற்காக எழுதப்பட்டது

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. அதன்பின் மொரிஷியஸ், மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் கரும்பு முதலாளிகள் இந்தியக் கூலிகளை நாடினர். நேட்டால் காலனி 1859இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஒப்பந்தப்படி ஐந்தாண்டு உழைக்க வேண்டும். பத்தாண்டு தங்கினால் ஊர் திரும்பக் கப்பல் செலவு இலவசம். யார் எந்த முதலாளியிடம் இருக்கிறார், எவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, தோட்டத்தை விட்டு ஓடியவர் யார் என்று அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆகவே இது கண்காணிப்புக்காக எழுதப்பட்ட ஏடு. வருங்காலப் பேரப்பிள்ளைகளை மனத்தில் கொண்டு எவரும் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

1871இல் சென்னைக்குத் திரும்பி வந்த கூலிகள் தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளை அதிகாரிகளிடம் முறையிட்டனர். அதையடுத்து 1872இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. இந்தியக் குடியேறிகளுக்கான பாதுகாவலர் என்ற பதவியும் உருவானது. கூலியைப் பாதுகாப்பது பெயரளவில் இருந்ததா, உண்மையில் நடந்ததா என்பது வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து விவாதிக்கும் செய்தி. ஆனால் தேடுபவருக்கு அந்த அலுவலகம் பெரிய கொடை ஒன்றை விட்டுச் சென்றது. திருமணப் பதிவு, குழந்தை பிறப்பு, முதலாளி மாற்றம், முறையீடு, சொத்துத் தாவா எனக் கூலியின் வாழ்க்கை காகிதத்தைத் தொட்ட இடங்களிலெல்லாம் அந்த எண் எழுதப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கியவர்மேல் 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தார்கள். 1914இல் அது நீங்கும் வரை, சுதந்திரமானவரையும் அந்த எண் விடவில்லை.

பட்டியலின் கட்டங்கள் வருமாறு: எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாணா, ஊர், உடலடையாளம், அனுப்பப்பட்ட முதலாளி, குறிப்பு. இவை வங்காள நிர்வாகத்துக்குப் பழகிய தலைப்புகள். சென்னை மாகாணத்தவருக்குத் தாணா என்ற கட்டத்தில் தாலுகாவின் பெயரைப் பார்க்கலாம். ஒரு வரியின் போக்கைக் காட்ட, மாதிரிக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: ‘மூனியம்மா, தந்தை வீராபென், வயது 22, பெண், வட ஆற்காடு, போளூர், இடது முழங்காலில் தழும்பு, மேற்படி எண்ணுள்ளவரின் மனைவி.’ உடலடையாளம் எழுதியது, ஓடிப்போனால் பிடிப்பதற்காக. இன்றோ, நிழற்படம் எதுவும் இல்லாத ஒரு கொள்ளுப்பாட்டியின் உடலைப் பற்றிக் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரே செய்தி அந்தத் தழும்புதான். பட்டியலின் மற்ற எந்தக் கட்டத்தையும்விட இந்தக் கட்டமே வாசிப்பவரை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது.

சாதிக் கட்டத்தை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். தொடக்ககாலப் பட்டியல்களில் அந்த இடத்தில் ‘மலபார்’, ‘ஜெண்டூ’, ‘கிறிஸ்தவர்’ என்றெல்லாம் காணப்படும். அக்கால ஆங்கிலேய வழக்கில் மலபார் என்றால் தமிழர், ஜெண்டூ என்றால் தெலுங்கர். இதை அறியாமல் மூதாதையர் கேரளத்தவர் என்று முடிவு கட்டினால் தேடல் தவறான மாநிலத்துக்குப் போய்விடும்.

ஏட்டிலிருந்து கணினிக்கு

இந்தப் பட்டியல்களைக் கணினியின் துணையோடு முதலில் அலசியவர்கள் வரலாற்றாசிரியர்கள். நேட்டாலின் இந்தியக் கிறிஸ்தவர்களைப் பற்றிய ஜாய் பிரெயினின் நூல் 1983இல் வந்தது. 1902 வரை சென்ற 95,382 பேரின் பதிவுகளை ஆராய்ந்து சுரேந்திர பானா எழுதிய நூல் 1991இல் வெளியானது. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை விழுக்காடு, எந்த வயதினர் அதிகம் என்பவை அவர்கள் எழுப்பிய கேள்விகள். கூட்டத்தைப் பற்றிய அக்கேள்விகளுக்குப் பெயரின் எழுத்துப்பிழை ஒரு தடையே இல்லை. முனியம்மாவை எப்படி எழுதியிருந்தாலும் வட ஆற்காட்டுப் பெண் என்ற கணக்கில் ஒன்று கூடும்.

பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம், இன்றைய குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண மையம், இப்பட்டியல்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தது. கூட்டத்தை எண்ணுவதற்குப் பயன்பட்ட தரவு, ஒருவரைத் தேடும் கருவியாக அப்போதுதான் மாறியது.

இப்படி ஒருவரைத் தேடும் தேவைக்கு அரசியல் காரணமும் உண்டு. இனவெறிக் கொள்கையைக் கண்டித்து இந்தியா 1946இல் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத் தொடர்பை முறித்தது. 1993இல்தான் தூதரக உறவு மீண்டது. கடிதப் போக்குவரத்தும் பயணமும் அருகிப்போன அந்த ஏறத்தாழ அரை நூற்றாண்டில், ஊர்ப்பெயரைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை மறைந்துவிட்டது. பிறகு இந்திய அரசு 1999இல் இந்திய வம்சாவளியினருக்கான அட்டையையும், 2005இல் கடல்கடந்த இந்தியக் குடியுரிமை எனப்படும் ஓசிஐ திட்டத்தையும் கொண்டுவந்தது. மூதாதையர் இந்தியர் என்பதற்குச் சான்று தேவைப்பட்டபோது, ஒரு காலத்தில் ஆளைக் கட்டிப்போட்ட அதே வரி, பேரப்பிள்ளைகளுக்கு உரிமைச் சீட்டு ஆயிற்று.

பெயர் ஏன் கைகொடுப்பதில்லை

தென்னாப்பிரிக்கத் தமிழரிடையே இன்று பரவலாக வழங்கும் குடும்பப் பெயர்கள் நாயுடூ, பிள்ளே, கவெண்டர், மூட்லி, படையாச்சி, செட்டி போன்றவை. கவுண்டர் கவெண்டர் ஆனார். முதலி மூட்லி ஆனார். ஆனால் கப்பலேறிய பெரும்பாலோரின் பெயர்க் கட்டத்தில் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. முருகன், தந்தை பெருமாள், அவ்வளவுதான். சில வீடுகளில் தந்தையின் பெயரே பிற்காலத்தில் குடும்பப் பெயராக நிலைத்தது. இன்றைய குடும்பப் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டுக் காத்திருப்பவருக்கு வெறுங்கை, அல்லது தொடர்பே இல்லாத சிலர்.

இரண்டாவது சிக்கல் ஒலி. தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முத்துசாமி மூட்டூசாமி ஆனார், ஆறுமுகம் ஆர்மூகம் ஆனார். இத்தகைய குழப்பத்துக்கு அமெரிக்கா முன்பே ஒரு வழி கண்டிருந்தது. ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே இலக்கம் தரும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குக்கும் கப்பல் பயணிகள் பட்டியல்களுக்கும் 1930களில் இம்முறையில் அட்டவணை தயாரித்தனர்.

தமிழ்ப் பெயர்களில் இதைப் பொருத்திப் பார்த்தால் பாதிதான் பலிக்கிறது. முத்துசாமி, மூட்டூசாமி இரண்டுக்கும் எம்-325 என்ற ஒரே குறியீடு வரும். ஆறுமுகமும் ஆர்மூகமும் ஏ-652இல் சேர்ந்துவிடும். ஆனால் சின்னசாமியை ஒரு எழுத்தர் சி என்ற எழுத்தில் தொடங்கியிருப்பார், இன்னொருவர் எஸ் என்று தொடங்கியிருப்பார். ஒருவர் சி-525, மற்றவர் எஸ்-525. வெள்ளையன் ‘வி’யிலும் வருவார், ‘டபிள்யூ’விலும் வருவார். கந்தசாமிக்கு ‘கே’, ‘சி’, ‘ஜி’ என்று மூன்று வாசல். முதலெழுத்தை மாறாதது என்று நம்பும் முறை, முதலெழுத்திலேயே தடுமாறும் மொழிக்கு எப்படி உதவும்? கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கு இதே இடர் வந்தபோது, ராண்டி டெய்ச்சும் கேரி மொக்கோட்டாஃபும் 1985இல் முதலெழுத்தையும் இலக்கமாக்கும் வேறொரு முறையை வகுத்தார்கள். தங்கள் பெயர்களின் இயல்பு அறிந்து தாங்களே கருவி செய்துகொண்ட அந்தச் சமூகத்திடம் நாம் கற்க வேண்டியது நிறைய.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவு வழியாகக் குடியேறியோர் பட்டியல் 2001 ஏப்ரலில் இணையத்துக்கு வந்தபோது இன்னொரு படியும் ஏறியாயிற்று. ஸ்டீபன் மோர்ஸ் என்ற கணினிப் பொறியாளர், பெயரை மட்டுமே நம்பாமல் வயது, ஊர், கப்பல், வந்த ஆண்டு என எந்தக் கட்டத்தைக் கொண்டும் தேடும் பக்கங்களை உருவாக்கினார். நேட்டால் பட்டியல்களுக்கு மிகவும் பொருந்தும் வழி இதுவே. பட்டியலைத் தன் கணினியில் இறக்கிக்கொண்டு, ஊர்க் கட்டத்தின்படியோ கப்பலின்படியோ வரிசை மாற்றிப் படிப்பவருக்குப் பெயர்த் தேடலில் அகப்படாதவர்கள் அகப்படுகிறார்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்கும் வழி

ஆயினும் முருகனும் முனியம்மாவும் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடத்தில், எண் இல்லாமல் ‘இவர்தான் நம்மவர்’ என்று உறுதி சொல்ல இயலாது. எண்ணைப் பட்டியலில் தேடக் கூடாது; அதற்கு வெளியே தேட வேண்டும். வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, இறப்பு அறிவிப்பு ஆகியவற்றில் பெற்றோரின் காலனி எண் இருக்க வாய்ப்புண்டு. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘நாயர்ஸ்’ என்ற இணைய அட்டவணை அடுத்த படி. அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கான பிரிவில் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகள் ‘ஐ.ஐ.’ என்ற தொகுதியின் கீழ் வருகின்றன. அட்டவணையில் கிடைப்பது கோப்பின் தலைப்பு மட்டுமே. கோப்பை நேரில் பார்க்க வேண்டும், அல்லது நகல் கேட்க வேண்டும். இறந்தவரின் சொத்துக் கோப்புகளும் இதே அட்டவணையில் உண்டு. பிள்ளைகள் அனைவரின் பெயரும் அவற்றில் இருக்கும் என்பதால், வாய்வழிக் கதையைச் சரிபார்க்க அவற்றைவிட நல்ல சான்று வேறில்லை.

எண் கிடைத்தபின் அந்த ஒரு வரியோடு நிற்காமல் முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். ஒரே ஊரார் அடுத்தடுத்துப் பதிவானதுண்டு. தம்பி, மைத்துனன், உடன்வந்த பக்கத்து வீட்டார் அந்தச் சில வரிகளுக்குள்ளேயே இருக்கலாம்.

தேடியும் கிடைக்காதவர்களும் உண்டு. சொந்தச் செலவில் பயணச்சீட்டு வாங்கிச் சென்ற வணிகர்களும் எழுத்தர்களும் இப்பட்டியலில் வரமாட்டார்கள். 1893இல் டர்பனில் இறங்கிய காந்தி இதில் இல்லை. ஜோகானஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மையும் இல்லை. கங்காணி வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இத்தகைய தொடரெண் பட்டியலை எதிர்பார்க்க முடியாது. மொரிஷியஸ் சென்றவர்களின் வாரிசுகள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்; மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் எண்ணோடு பலரது நிழற்படமும் இருக்கிறது.

ஊர்

எண் கிடைத்து, வரியும் கிடைத்தபின் மிஞ்சுவது ஊர். இங்கேதான் தமிழ்நாட்டிலிருக்கும் நாம் உதவ முடியும், உதவவும் வேண்டும். பட்டியலில் அடிக்கடி வரும் வட ஆற்காடு ஜில்லா இன்று வரைபடத்தில் இல்லை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானபோது அதன் வடபகுதி பிரிந்தது. அதே ஆண்டு திருவண்ணாமலை தென்னாற்காட்டிலிருந்தும், திருப்பத்தூர் சேலத்திலிருந்தும் வட ஆற்காட்டுக்கு வந்தன. ஆகவே 1890இல் கப்பலேறிய திருவண்ணாமலைக்காரரின் வரியில் தென்னாற்காடு என்றுதான் இருக்கும். திருத்தணியின் கதை இன்னும் நீளமானது: வட ஆற்காட்டிலிருந்து சித்தூருக்குப் போய், 1960இல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்து, இப்போது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. வேலூர் 2019இல் மூன்றாகப் பிரிந்ததையும் சேர்த்தால், பழைய வட ஆற்காடு என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னே இரண்டு மாநிலங்களின் பல மாவட்டங்கள் நிற்கின்றன.

ஊர்ப்பெயரின் எழுத்தோ மனிதப் பெயரைவிட மோசம். ‘பாக்கம்’, ‘பட்டு’, ‘பாடி’ எனும் ஈறுகள் எழுத்தருக்கு எழுத்தர் மாறின. இவற்றைத் தெளிய, அக்கால மாவட்டக் கையேடுகளும், மக்கள்தொகைக் கணக்கின் கிராமப் பட்டியல்களும், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் நிலவரித்திட்டப் பதிவுகளும் உள்ளன. ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த வட ஆற்காட்டுக் கையேடு நல்ல தொடக்கம்.

கப்பல் பட்டியலின் ஊர்ப்பெயர்களை இந்தக் கிராமப் பட்டியல்களோடு தாலுகாவாரியாக ஒப்பிட்டு, இன்றைய தமிழ்ப் பெயரையும் மாவட்டத்தையும் எதிரே தரும் ஓர் அடைவைத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள் உருவாக்க வேண்டும். அதோடு சேர்த்து, ‘சி’யையும் ‘எஸ்’ஸையும் ஒன்றாகவும், ‘வி’யையும் ‘டபிள்யூ’வையும் ஒன்றாகவும் கொள்ளும் தமிழ்ப் பெயர்க் குறியீட்டு முறை ஒன்றும் வேண்டும். போளூர், வந்தவாசி, ஆற்காடு, குடியாத்தம் ஆகிய நான்கு பழைய தாலுகாக்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். மூலங்கள் டர்பனிலும் எழும்பூரிலும் இப்போதே இருக்கின்றன.