தொகை தெரியாத சபையும் திட்டமிடலும்

பின்தங்கிய வட்டாரங்களுக்கு அரசு பணம் ஒதுக்கும்போது அங்குள்ள மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. எப்போது கேட்பது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. கையில் எவ்வளவு பணம் என்று சொல்லிவிட்டுக் கூட்டும் சபையில் மக்கள் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சொல்லாமல் கூட்டினால் மனுதான் கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் நம் ஆவணங்கள் கிராம சபை என்ற ஒரே பெயரைச் சூட்டியிருப்பதால் இந்த வேறுபாடு ஆய்வாளர் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடுகிறது.

2007 பிப்ரவரியில் அசாமின் பார்பேட்டாவில் தொடங்கிவைக்கப்பட்ட பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி 250 மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டிலிருந்து கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. வளர்ச்சிப் பணிக்கென மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி ரூபாய். எஞ்சியது மக்கள்தொகையையும் பரப்பளவையும் சமமாகக் கருதிப் பகிரப்பட்டது. திட்டங்கள் கிராம சபையில் உருவாகி, அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு சொல்லும் மாவட்டத் திட்டக் குழுவில் தொகுக்கப்பட வேண்டியிருந்தது. அக்குழுவில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பதும் அரசியலமைப்பின் விதி. ஏட்டளவில் இதைவிட மக்கள் பக்கம் சாய்ந்த ஏற்பாட்டைக் காண்பது அரிது.

இனி, பணத்தை எண்ணிப் பார்ப்போம். திருவண்ணாமலை மாவட்டத்தில் 860 கிராம ஊராட்சிகள் இருந்தன. குறைந்தபட்சத் தொகையான 10 கோடியை அவற்றுக்கு மட்டும் சமமாகப் பிரித்தால் ஊராட்சிக்கு 1.16 லட்சம் ரூபாய் வரும். மக்கள்தொகைக்கும் பரப்பளவுக்கும் உரிய தொகை இதற்கு மேல் வரும். பேரூராட்சி, நகராட்சிகளின் பங்கு இதிலிருந்து போகும். எப்படிக் கணக்கிட்டாலும் ஒரு சிறுபாலமோ கொஞ்சதூரக் கழிவுநீர் வாய்க்காலோதான் மிஞ்சும். அதையும் குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என அப்போது வழக்கமாகக் கூடிய சபையில், வரவுசெலவு, பயனாளிகள் பட்டியல், நூறு நாள் வேலை ஆகியவற்றோடு சேர்த்துப் பேச வேண்டியிருந்தது. ‘இவர்கள் தெருவிளக்கைத் தாண்டி எதையும் கேட்பதில்லை, வட்டாரப் பொருளாதாரம் பற்றி இவர்களிடம் என்ன பேசுவது’ என்ற அலுவலகச் சலிப்பை ஆய்வுலகமும் சில வேளைகளில் எதிரொலிக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எவ்வளவு கிடைக்கும் என்று நம்புகிறார்களோ அந்த அளவுக்குத்தான் மக்கள் கேட்கிறார்கள். அது அறியாமை அன்று, அனுபவம் கற்றுத்தந்த கணக்கு.

கேரளம் வரிசையை மாற்றிப் பார்த்தது. 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு என முதலில் அறிவிக்கப்பட்டது. பேச்சு பிறகு வந்தது. எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்பதை மாநில பட்ஜெட்டின் நான்காம் பிற்சேர்க்கையில் யாரும் எடுத்துப் பார்க்கலாம். வார்டு அளவில் கூடிய கிராம சபைக்குப் பின் ஒவ்வொரு ஊராட்சியும் தன் நீர், நிலம், தொழில் குறித்து வளர்ச்சி அறிக்கை எழுதியது. அதை வைத்துக் கருத்தரங்கு நடந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் பிற வல்லுநர்களும் தன்னார்வமாகத் திட்டங்களைச் சரிபார்த்தார்கள். அதாவது சபையின் விருப்பத்துக்கும் ஒப்புதலுக்கும் நடுவே, எழுதிவைத்து வாதிடுவதற்கென்று ஓர் இடம் இருந்தது. தமிழ்நாட்டு ஆறு மாவட்டங்களில் எனக்குக் குறையாகப் படுவது கூட்டங்களின் எண்ணிக்கை அல்ல. இந்த நடு இடம்.

ஆனாலும் கேரளத்தை அப்படியே முன்மாதிரி ஆக்கிவிட முடியாது. தொகை தெரிந்த சபைகளிலும் வீடு, கழிப்பறை, கிணறு என்று தனிநபர் பயன்களே முந்திக்கொண்டன. நடுத்தர வர்க்கம் பெரும்பாலும் ஒதுங்கி நின்றது. உற்பத்தித் துறைத் திட்டங்கள் பிந்தின. நான்கைந்து ஊராட்சிகள் பங்கிடும் ஒரு நீரோடையையோ சந்தையையோ பற்றி ஒரு வார்டு தனியாக முடிவெடுக்க வழியில்லை. எனவே தொகையை முன்கூட்டிச் சொல்வது தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அன்று. நீர்ப் பகிர்வு, இடஞ்சார் திட்டமிடல் போன்ற பொதுப் பிரச்சினைகளை மாவட்டத் திட்டக் குழு கருத வேண்டும் என்று 243இசட்டி வெளிப்படையாகவே கூறுகிறது. வட்டாரப் பொருளாதாரம் பேசுபொருளாக வேண்டிய மேசை அதுதான். அந்த மேசைக்கென்று தனிப் பணம் வந்தால் மட்டுமே அங்கே பேச்சுக்கு வேலை உண்டு.

அடுத்து நடந்தது இதற்கு நேர்மாறானது. பதினான்காம் நிதிக் குழு மாநிலங்களின் வரிப் பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக உயர்த்தியதை ஒட்டி, 2015-16 முதல் பின்தங்கிய பகுதிகள் மானியத்துக்கு ஒன்றிய அரசின் நிதி நின்றது. மாநிலத்தின் கைக்குப் பணம் கூடியது உண்மை. ஆனால் பின்தங்கிய மாவட்டத்தின் பெயரில் வந்த ஒதுக்கீடு போயிற்று. அதே குழு ஊரக உள்ளாட்சிகளுக்கென ஐந்தாண்டுக்குப் பரிந்துரைத்த 2,00,292 கோடி ரூபாயும் கிராம ஊராட்சிகளுக்கு மட்டுமே. ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் அதில் பங்கில்லை. பதினைந்தாம் நிதிக் குழு மூன்று அடுக்குகளையும் மீண்டும் சேர்த்துக்கொண்டதற்குள், சந்தையும் ஓடையும் பேசப்பட வேண்டிய அடுக்கு இவ்வழியில் வரும் பணமின்றி ஐந்தாண்டுகளைக் கழித்திருந்தது. ஒரு மாவட்ட நிதியைச் செலவிட மக்கள் கருத்தைக் கேள் என்று வழிகாட்டு நெறி எழுதிய அரசு அமைப்பில், அதை மூடுவதற்கு எந்த சபையையும் கேட்கச் சொல்லும் விதி இல்லை.