இன்யோவின் நீதிமன்றம்

காலிஃபோர்னியாவின் கிழக்கோரத்தில், ஸியரா நெவாடா மலைத்தொடரின் மழைமறைவுப் பக்கம் இருக்கிறது இன்யோ கவுன்டி. ஜில்லா என்று வைத்துக்கொள்ளலாம். 14,505 அடி உயர விட்னி சிகரத்தின் கிழக்குச் சரிவும், கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே மரணப் பள்ளத்தாக்கிலுள்ள பேட்வாட்டரும் இதன் எல்லைக்குள்தான். பரப்பு பத்தாயிரம் சதுர மைலுக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 19,016. வழிகாட்டிப் புத்தகங்கள் இதோடு நின்றுவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. இந்நிலத்தில் தனியார் வசமிருப்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. மிகப்பெரும்பகுதி மத்திய சர்க்காருடையது. ஓவன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தரையோ பெரும்பாலும், இருநூறு மைலுக்கு அப்பாலிருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் சொத்து.

கவுன்டியின் தலைமையூர் இண்டிபெண்டன்ஸ். சுதந்திரம் என்று அர்த்தம். 1862 ஜூலை 4-ல் அங்கே போட்ட ராணுவ முகாமின் பெயர் அது. மறுவருஷம், கால்வாய் வெட்டி அந்தப் பள்ளத்தாக்கில் நீர் பாய்ச்சிவந்த பையூட் பழங்குடியினர் சுமார் தொள்ளாயிரம் பேரைச் சிப்பாய்கள் டெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றார்கள். கவுன்டி உருவானது 1866-ல். நகரத்து ஆட்கள் நிலம் வாங்க வந்த 1905-லிருந்து தண்ணீர்க் கதையைத் தொடங்குகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

முதல் நீதிமன்றம் 1872 பூகம்பத்தில் விழுந்தது. அடுத்தது 1886-ல் தீக்கிரையாயிற்று. இப்போதிருப்பது நான்காவது; 1921-ல் ரோமாபுரி ஜாடையில் தூண்கள் நிறுத்திக் கட்டியது. தூண்கள் எழுந்த சமயம், ஓவன்ஸ் ஆறு 233 மைல் கால்வாய் வழியே நகரத்துக்குப் போகத் தொடங்கி எட்டு வருஷமாகியிருந்தது.

1924 நவம்பரில் ஊர்க்காரர்கள் அலபாமா மதகைக் கைப்பற்றி, கால்வாய் நீரைத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள். குடும்பங்கள் வந்து சேர்ந்து, இறைச்சி சுட்டுச் சாப்பிட்டு, ஏறக்குறையத் திருவிழாவாகிவிட்டது. கவுன்டி ஷெரீப்பால் அவர்களைக் கலைக்க முடியவில்லை.

எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வாட்டர்ஸன் சகோதரர்கள் பள்ளத்தாக்கின் வங்கிகளையும் நடத்தினார்கள். 1927 ஆகஸ்டில் வங்கிகள் மூடின. ஜனங்களின் சேமிப்பு போயிற்று. அண்ணன் தம்பி இருவரும் கையாடல் குற்றத்துக்காக இண்டிபெண்டன்ஸில் விசாரிக்கப்பட்டார்கள். வழக்கை நடத்திய கவுன்டி வக்கீல் அவர்களுக்கு நண்பர். ஜூரிகள் உள்ளூர்க்காரர்கள். பள்ளத்தாக்கைக் காப்பாற்றவே அப்படிச் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. ஸான் க்வென்டின் சிறை. இவர்களைத் தியாகிகளாக்கிப் பேசுவது பிற்பாடு வழக்கமாயிற்று. கணக்குப் புத்தகம் பொய் சொன்னது நிஜம், ஜூரிகளைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், ஆற்றைத் தொட முடியாத ஒரு சர்க்காருக்குத் தன் சொந்த ஜனங்களைத் தண்டிக்கிற அதிகாரம் மட்டும் குறைவில்லாமல் இருந்திருக்கிறது.

1970-ல் இரண்டாவது கால்வாயும் வந்தது, நிலத்தடி நீரை இறைத்து நிரப்ப. 1972-ல் கவுன்டி நகரத்தின்மேல் வழக்குப் போட்டது, புதிய சுற்றுச்சூழல் சட்டத்தை வைத்துக்கொண்டு. மறுவருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவுன்டியின் பக்கம் பேசியது. பிறகு இழுபறி, 1991-ல் உடன்படிக்கை. 2006 டிசம்பரில், வறண்டு கிடந்த கீழ் ஓவன்ஸ் ஆற்றில் 62 மைலுக்கு மறுபடி நீர் விட்டார்கள். அதன் கீழ்க்கோடியில் ஒரு பம்பு நிலையம் இருக்கிறது. வந்து சேர்கிற நீரை அது இறைத்து நகரத்திடமே திருப்பிக் கொடுக்கிறது.